முப்பத்து நாலாம் நம்பர் அட்டை

அத்தியாயம் 9

குப்பம்மாள் பரணிலிருந்து அந்த சிகரெட் அட்டை ஆல்பத்தை இறக்கிக் கணவர் சேனாதிபதியின் மடியில் போட்டது வியாழக்கிழமை. "பொண்ணு படிப்பு வேணுமா, இந்தப் படம் வேணுமா? இன்னைக்கே சொல்லிப்புடுங்க" என்று அவள் கேட்டதும், அவர் துண்டை உதறித் தோளில் போட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

மதுரையில் ஆசிரியைப் பயிற்சிக்கு மகள் கண்மணிக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் நூற்றிருபது ரூபாய் கட்ட வேண்டும். பழனி அடிவாரத்தில் விபூதிப் பையும் காவடிச் சாமானும் விற்கும் அவர்கள் கடையில் அப்படி ஒரு தொகை எந்த மாதமும் சேர்ந்தாற்போல் நின்றதில்லை.

வெள்ளிக்கிழமை அப்பாவும் மகளும் வத்தலக்குண்டு போய் மலை பஸ் பிடித்தார்கள். கொடைக்கானலில் ஒரு உறவுக்காரர் வீட்டில் தங்கினார்கள். சனிக்கிழமை காலை பழம்பொருள் வியாபாரி மணியன் தன் கடைக் கதவைத் திறக்கும்போதே வாசலில் நின்றார்கள்.

ஏரிக்குப் போகும் சரிவில் இருந்தது அந்தக் கடை. ஊரைவிட்டுப் போன துரைமார் விற்றுவிட்டுப் போன கடிகாரம், மான் கொம்பு, தபால் தலை, பீங்கான் நாய். இவற்றுக்கு நடுவே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக சிகரெட் அட்டைகள்.

யுத்தத்துக்கு முன்பு சீமை சிகரெட் பாக்கெட்டுக்குள் ஒரு சின்ன அட்டை வரும். ஒரு பக்கம் கிரிக்கெட் ஆட்டக்காரர் படம், மறுபக்கம் அவரைப் பற்றி நாலு வரி. ஐம்பது அட்டை சேர்ந்தால் ஒரு வரிசை. யுத்தம் வந்ததும் அது நின்று போயிற்று. கொடைக்கானலில் ஹார்ப்பர் துரை பங்களாவில் பட்லராக இருந்த நாளில் சேனாதிபதி குப்பைக் கூடையிலிருந்து பொறுக்க ஆரம்பித்தார். துரை சீமைக்குப் போய் இவர் பழனிக்குத் திரும்பிய பிறகும் அந்த ஆசை விடவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை மலையேறி வந்து மணியனிடம் வாங்கினார்.

"வாங்க கலெக்டர், வாங்க!" மணியன் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஐம்பது வயது, கம்பளிக் கோட்டு, கழுத்தில் மப்ளர். "மதுரைக்கு ஒரு கலெக்டர், எனக்கு ஒரு அட்டை கலெக்டர். இது யாரு, உங்க டாட்டரா? கிளாட் டு மீட் யூ, பாப்பா."

சேனாதிபதியின் முகம் மலர்ந்தது. வீட்டில் ஒருபோதும் காணாத மலர்ச்சி அது. கண்மணிக்கு என்னவோ போலிருந்தது.

"விக்கலாம்னு வந்துருக்கேங்க" என்றார் சேனாதிபதி.

மணியன் குலுக்கிய கையை விட்டார். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எடுங்க, பாப்போம்."

ஆல்பத்தின் முதல் பக்கத்தைத் திறந்ததுமே உதட்டைப் பிதுக்கினார்.

"பசை போட்டு ஒட்டியிருக்கீங்களே, கலெக்டர்."

"விழுந்துரக் கூடாதேன்னு... மைதா கிண்டித்தான் ஒட்டினேங்க."

"பின்பக்கம் போச்சு. எழுத்துத் தெரியாது. பின்பக்கம் போன அட்டைக்குப் பாதி வெலைகூட வராது." கட்டை விரலால் ஒவ்வொரு அட்டையின் மூலையையும் தடவினார். "இது மழுங்கிருச்சு. இது மழுங்கிருச்சு. இதுல ஈரம் பட்டுருக்கு. இது ஓரம் வெட்டின அட்டை."

சேனாதிபதி ஒரு அட்டையைக் காட்டினார். மட்டையை ஓங்கி நிற்கும் ஒரு ஆட்டக்காரர்.

"இது நீங்க குடுத்ததுங்க. அம்பத்திரண்டுல. பதினஞ்சு ரூபா. இந்தியாவுலயே ரெண்டுதான் இருக்குன்னு சொன்னீங்க."

"சொன்னேன். யார் இல்லைன்னா?"

"இப்ப இதுக்கு எவ்வளவுங்க?"

"நாலணா."

சேனாதிபதி சிரிக்கப் பார்த்தார். மணியன் சிரிக்கவில்லை.

"விக்கிற வெல வேற, வாங்குற வெல வேற. நான் குடுக்கும்போது மூலை கத்தி மாதிரி இருந்துச்சு. நீங்க வச்சிருந்த லட்சணம் இப்படி. தப்பா நெனைக்காதீங்க, பிசினஸ்."

மேஜையின் மேலிருந்த சிவப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்து நாலைந்து பக்கம் புரட்டினார். லண்டனில் அச்சான விலைப் புத்தகம். "இதுலயும் அப்படித்தான் போட்டிருக்கான்" என்று விரலால் ஒரு வரியைத் தட்டிவிட்டு மூடினார். சேனாதிபதி எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்கு இங்கிலீஷ் பேச வரும், படிக்க வராது. இத்தனை வருஷமாக இப்படித்தான் தலையாட்டி வந்திருக்கிறார் என்பது கண்மணிக்கு அந்த நிமிஷம் புரிந்தது.

கடைசிப் பக்கத்தில் ஒரு மெல்லிய காகிதத்துக்குள் ஒரே ஒரு அட்டை ஒட்டாமல் தனியாக இருந்தது. மணியனின் விரல் அதன்மேல் ஒரு கணம் நின்றது.

"இன்னும் வச்சிருக்கீங்களா இத? பிசகு அட்டை. அன்னைக்கே சொன்னேனே, மார்க்கெட் கெடையாது. சரி, ஆல்பத்தோட கெடக்கட்டும்." பக்கத்தை மூடினார். "எல்லாம் சேத்து நாப்பத்தஞ்சு."

"நூத்தியிருவது வேணுங்க. பொண்ணு படிப்புக்கு..."

"உங்களுக்கு எவ்வளவு வேணுங்கறதப் பாத்து வெல வைக்க முடியுமா, கலெக்டர்? வேற ஆளுக்கு நான் முப்பதுதான் சொல்லுவேன். உங்களுக்காக நாப்பத்தஞ்சு."

'உங்களுக்காக' என்ற சொல்லுக்கு சேனாதிபதி மசிந்துவிட்டார். நோட்டுகளைக் கையில் வாங்கினார். எண்ணிப் பார்க்கவும் இல்லை.

அப்போது ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார அம்மாள் உள்ளே வந்தாள். மணியன் குடுகுடுவென்று எழுந்து கண்ணாடிப் பெட்டிப் பக்கம் போனார். "குட் மார்னிங், மேடம்!"

அந்த அம்மாள் தன் தம்பிக்கு அமெரிக்காவுக்கு அனுப்பக் கிரிக்கெட் அட்டை கேட்டாள். மணியன் ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தார். மூலை நாலும் மழுங்கிய அட்டை. "வெரி ஓல்ட், மேடம். வெரி ரேர். திரீ ருப்பீஸ்."

கண்மணி சிவப்புப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"வேண்டாம் தாயி, அவரு பொஸ்தகம்" என்றார் அப்பா.

அவள் காதில் வாங்கவில்லை. ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருந்த வரிசையின் பெயரைப் புத்தகத்தில் தேடினாள். இருந்தது. ஐம்பது அட்டை. ஒவ்வொன்றும் மூன்று பென்ஸ். அதாவது மூன்று அணாகூட இல்லை. இந்தியாவிலேயே இரண்டுதான் இருப்பதாகச் சொல்லிப் பதினைந்து ரூபாய்க்கு விற்ற அட்டையும் அதே மூன்று பென்ஸ்.

அவள் அதோடு மூடியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. முப்பத்து நாலாம் நம்பர் முதல் தடவை அச்சானபோது படத்துக்கு அடியில் வேறொருவர் பெயர் விழுந்துவிட்டது. நாலே நாளில் நிறுத்தித் திருத்தி அடித்தார்கள். தப்பான பெயரோடு கிடைத்தால் விலை பதினைந்து பவுண்டு.

ஆல்பத்தில் முப்பத்து நாலாவது இடத்தில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தாள். பந்து வீச ஓடி வரும் ஒருவர். கடைசிப் பக்கத்து மெல்லிய காகிதத்தைப் பிரித்தாள். அதே ஆள், அதே ஓட்டம், அடியில் வேறு பெயர்.

பதினைந்து பவுண்டு. இருநூறு ரூபாய்.

"அப்பா" என்றாள் மெதுவாக. "இத மட்டும் குடுக்க வேண்டாம்."

"என்னம்மா?"

"இதுதான் வெலை போற அட்டை. பொஸ்தகத்துல போட்டிருக்கு. இருநூறு ரூபா. இது ஒண்ணே போதும்ப்பா. அவரு இத்தன வருசமா உங்கள ஏமாத்தியிருக்காரு."

கடைசி வாக்கியம் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. வெள்ளைக்கார அம்மாள் திரும்பிப் பார்த்தாள். மணியன் மூன்று ரூபாயை வாங்கிக்கொண்டு அவளைக் கதவு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

"பாப்பா, அத வை."

"இது எங்க அட்டைங்க. மிச்சத்த எடுத்துக்கங்க."

"காசு கை மாறிருச்சு. ஆல்பம் என்னுது." பிறகு சட்டென்று குரலை மாற்றினார். "சரி, பத்து ரூபா சேத்துத் தர்றேன். இருவது? அம்பது ரூபா தர்றேன், வை."

"பிசகு அட்டைன்னீங்க. அதுக்கு எதுக்கு அம்பது ரூபா?"

மணியன் அவளை விட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். அவர் காதருகே குனிந்தார். கலெக்டரும் இல்லை, வாங்க போங்கவும் இல்லை.

"ஏலே சேனாதிபதி. அந்த அட்டை எங்கிருந்து வந்துச்சுன்னு உன் மககிட்ட நான் சொல்லவா, நீ சொல்றியா?"

கண்மணிக்கு அது கேட்டது. அப்பாவின் முகம் வெளிறிப் போனதையும் பார்த்தாள்.

"வச்சிரு கண்மணி" என்றார் அவர். "நமக்கு வேண்டாம். வை, போலாம்."

அவள் வைக்கவில்லை. அட்டையைக் காகிதத்தோடு தாவணி முடிச்சுக்குள் செருகிக்கொண்டு கடையைவிட்டு வெளியே ஓடினாள்.

பஸ் ஸ்டாண்டில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மதராஸுக்குத் தபாலில் அனுப்பினால் வாங்குவார்களா, திங்கட்கிழமைக்குள் ஆகுமா, யாரைக் கேட்பது என்று மனம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா வந்ததும் கோபிப்பார். அப்புறம் சமாதானமாகிவிடுவார் என்று நினைத்தாள்.

அப்பா வந்தார். கூட மணியன். அவர்களுக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர்.

"இந்தப் பொண்ணா?"

"ஆமாங்க" என்றார் மணியன். "கேஸ் எல்லாம் வேண்டாம். படிக்கப் போற பொண்ணு. கேஸாச்சுன்னா காலேஜுல சேப்பாங்களா? என் பொருள் வந்தாப் போதும்."

முட்டைக்கோஸ் மூட்டைகளோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த கவுஞ்சி கிராமத்துக்காரர்கள் சுற்றி நின்றுவிட்டார்கள். கண்மணி எழுந்தாள்.

"நான் திருடலைங்க. இது எங்கப்பாவோட அட்டை. அவரையே கேளுங்க."

போலீஸ்காரர் சேனாதிபதியைப் பார்த்தார். "சொல்லுய்யா. யாரோடது?"

சேனாதிபதி மகளைப் பார்க்கவில்லை. பஸ்ஸின் முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அவருக்கு வித்ததுங்க. காசு வாங்கிட்டேன். பொண்ணு... தெரியாம எடுத்துட்டு வந்துருச்சு."

"அப்பா!"

"எடு, குடு" என்றார் போலீஸ்காரர்.

கூட்டத்தில் ஒரு கிழவி 'ச்சூ' கொட்டினாள். "படிச்ச புள்ளையாட்டம் இருக்கு, செய்யிற சோலியப் பாரு" என்று யாரோ சொன்னார்கள். கண்மணி முடிச்சை அவிழ்த்து அட்டையைக் கொடுத்தாள். மணியன் அவசரமாக வாங்கினார். முதலில் அவர் பார்த்தது அதன் நான்கு மூலைகளைத்தான். ஒன்றும் மழுங்கவில்லை என்று தெரிந்ததும் மூச்சு விட்டார்.

பஸ் புறப்பட்டது. ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அப்பா. சில்வர் அருவி தாண்டிய பிறகு சேனாதிபதி தொண்டையைச் செருமினார்.

"அஞ்சு ரூபா சேத்தே குடுத்தாரு. அம்பது."

அவள் திரும்பவில்லை.

"மிச்சத்துக்கு உங்க ஆத்தா காதுத் தோட்ட வித்துரலாம். திங்கக்கெழம கட்டிரலாம் தாயி."

"அத்தன பேருக்கு முன்னால என்னைத் திருடின்னு சொன்னீங்க."

"நான் அப்படிச் சொல்லல..."

"வேற என்ன சொன்னீங்க?" அவள் இப்போது திரும்பினாள். "அவரு உங்க காதுல கேட்டத நானும் கேட்டேன். அந்த அட்டை எங்கிருந்து வந்துச்சு? இப்பச் சொல்லுங்க. இல்லேன்னா வீட்டுல ஆத்தா முன்னால கேப்பேன்."

சேனாதிபதி முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பாதை வளைந்தது. அவர் தாழ்ந்த குரலில், யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னார்.

"அது ஹார்ப்பர் துரையோடது. சண்டையில செத்துப்போன அவரு மவன் சேத்து வச்சது. ஒரு தகர டப்பா நெறைய. துரை எப்பவாச்சும் தெறந்து எனக்குக் காட்டுவாரு. அந்த ஒண்ண மட்டும் கையில தர மாட்டாரு. நாப்பத்தேழுல சீமைக்குப் போக எல்லாத்தையும் மூட்டை கட்டினப்ப, எங்கிட்ட இருக்கிற முப்பத்துநாலாம் நம்பருக்குப் பக்கத்துல அத வச்சு ஒருவாட்டி பாக்கணும்னு தோணிச்சு. எடுத்துட்டுப் போனேன். விடிஞ்சதும் வெள்ளனே கொண்டாந்து வச்சிரலாம்னுதான் கண்மணி. சத்தியமா. அதுக்குள்ள துரை எண்ணிப் பாத்துட்டாரு."

"அப்புறம்?"

"தோட்டக்காரன் வேலப்பன்தான் டப்பாவத் தூக்கி வச்சவன். அவனப் புடிச்சாங்க."

"நீங்க சொல்லலையா?"

"சொல்லப் போனேன். வாசல் வரைக்கும் போனேன். மூணு நாள் ஸ்டேசன்ல வச்சிருந்தாங்க. எங்க வச்சிருக்கேன்னு கேட்டுக் கேட்டு வலது கை வெரல ஒடிச்சுட்டாங்க. அவனுக்குத் தெரிஞ்சாத்தான சொல்லுவான்? துரை சர்ட்டிபிகேட் தரல. மலையில எந்த பங்களாவுலயும் அவனச் சேக்கல."

முன் இருக்கையில் ஒரு குழந்தை அழுதது. தாய் அதைத் தோளில் போட்டுத் தட்டினாள்.

"மணியனுக்கு எப்படித் தெரியும்?"

"நானே சொன்னேன். அந்த அட்டையோட அருமை தெரிஞ்ச ஆள் வேற யாரு இருக்கா? ஒருத்தருகிட்டயாவது காட்டணும்னு இருந்துச்சு. ஆறு வருசத்துக்கு முன்ன காட்டினேன். எப்படிக் கெடச்சுதுன்னு கேட்டாரு. சிநேகிதர்தானேன்னு சொல்லிட்டேன்."

கண்மணிக்கு அழுகை வரவில்லை. மணியன் ஆறு வருஷம் அந்தச் சொல்லைப் பத்திரமாக வைத்திருந்து, வேண்டிய நேரத்தில் எடுத்திருக்கிறார். அப்பா ஒன்பது வருஷம் வாயைத் திறக்காமல் இருந்து, இன்று மறுபடியும் ஒருத்தரைக் காட்டிக் கொடுத்திருக்கிறார். இந்த முறை பெற்ற மகளையே.

"வேலப்பன் இப்ப எங்க இருக்காரு?"

"பேத்துப்பாறையில. கூலி வேல, கெடச்சா."

பஸ் வேகம் குறைந்தது. பெருமாள்மலை. கண்டக்டர் கதவைத் திறந்து, "பேத்துப்பாறை போறவங்க எறங்கு, வெரசா!" என்று கத்தினான்.

கண்மணி எழுந்தாள்.

"எறங்குங்கப்பா."

"என்னம்மா இது? பழனி போய்ச் சேர வேண்டாமா? ஆத்தா தேடுவா..."

"எறங்குங்க. அவரு வீட்டுக்குப் போலாம். போய்ச் சொல்லுங்க."

"ஒன்பது வருசம் ஆச்சு. இப்பப் போய் என்னன்னு சொல்றது?"

"என்கிட்டச் சொன்னதையே சொல்லுங்க."

சேனாதிபதி அசையவில்லை. கம்பியைப் பிடித்த கை இன்னும் இறுகியது. கண்டக்டர் வாயில் விசிலோடு காத்திருந்தான். கண்மணி கையை நீட்டினாள்.

"அந்த அம்பது ரூபாயக் குடுங்க."

அவர் யோசிக்கவில்லை, மடியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். இறங்க வேண்டியதில்லை என்றால் எதையும் கொடுத்துவிடுவார் போலிருந்தது. அவள் இறங்கினாள். பஸ் நகர்ந்தது. அவர் ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார்ந்து, "பாத்துப் போ தாயி" என்றோ என்னவோ சொன்னது என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை.

சாலையோர டீக்கடையில் ஒரு நடுத்தர வயதுக்காரர் கண்ணாடி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

"பேத்துப்பாறையில வேலப்பன்னு ஒருத்தரு வீடு எங்கங்க இருக்கு?"

"எந்த வேலப்பன்? திருட்டு வேலப்பனா?"

அவளால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவர் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை.

"அந்தா வருதே, வெறகுக் கட்டோட. அவன் மகதான், அன்னக்கொடி. அதுகிட்டயே கேளு."

மேட்டுப் பாதையில் கண்மணி வயதுப் பெண் ஒருத்தி தலைச்சுமையோடு இறங்கி வந்துகொண்டிருந்தாள். வெறுங்கால். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தன்னை ஒருத்தி எதிர்கொண்டு வருவதைப் பார்த்து நின்றாள்.

"அன்னக்கொடியா?"

"ஆமா. நீங்க யாருங்க?"

கண்மணியின் கைக்குள் நோட்டுகள் ஈரமாகியிருந்தன. என்னென்னவோ சொல்ல நினைத்து வந்தவளுக்கு ஒன்றே ஒன்றுதான் வாயில் வந்தது.

"நான் சேனாதிபதி மக."

"எந்த சேனாதிபதி?"

"ஹார்ப்பர் துரை பங்களாவுல பட்லரா இருந்தவரு."

அன்னக்கொடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் விறகுக் கட்டைத் தூக்கிப் பாதை ஓரத்தில் இறக்கி வைத்தாள்.

"ஒருநா யாராச்சும் வருவாங்கன்னு எங்கப்பன் சொல்லிக்கிட்டே இருக்கும்" என்றாள். "இத்தன வருசம் ஆச்சு. நாங்கதான் நம்பல."